இடது கைச் சுண்டுவிரல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நானும் நின்றேன் என்றோ, நான் நிற்கவில்லை என்றோ சொல்லக்கூடாது. மேடைக்கு முன்னால் வலது மூலையில் ரொனி மாஸ்டர், கையில் முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியோடு. மேடையில் படத்துக்காக நின்றவர்கள் மூன்று பேர்: பூரணி, கந்தப்பர், கந்தப்பரின் பேத்தி. திரைக்குப் பக்கத்தில் கயிற்றோடு நான். முன் வரிசையில் மாதர் சங்கச் செயலாளர் யோகம் டீச்சர். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் பூரணியின் மாமியார். அதற்குப் பின்னால் ஊர். ஊரை நான் எண்ணவில்லை. கதிரை போதாமல் கனபேர் சுவரோரம் நின்றார்கள்.

மொத்தம் ஏழு பேர். நான் எண்ணும்போதெல்லாம் என்னை விட்டுவிட்டு ஆறு என்று வருகிறது. அதனால் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்த்துத்தான் ஏழு என்று எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. வாவிக்கு அங்கால ஒரு ஊர், அவ்வளவு போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் மாஸ்டரின் பெயரைக்கூட மாற்றிவிட்டேன், அவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் இப்போது எழுத வந்தேன் என்றால், நான் முப்பத்தொரு வருசம் வேலை செய்த கடையில் போன மாதம் திரைக்கு மோட்டார் பூட்டினார்கள். கடை மேடைச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடை. மாஸ்டரின் மருமகன்தான் இப்போது முதலாளி. பொத்தானை அமத்தினால் திரை திறக்கும், சரியாக இரண்டு நிமிசத்தில் தானாக மூடும். கடைப் பெடியங்கள் எனக்குப் போன் எடுத்து, "அண்ணன், இனிக் கயிறு இழுக்கிற வேலை இல்ல, நீங்க அந்தக் காலத்தில என்ன செஞ்ச எண்டு கடை மலருக்கு எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நான் அவர்களிடம் ஒன்று கேட்டேன். மோட்டார் மூடட்டும், விரலை யார் பார்க்கிறது? அவர்களுக்கு விளங்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

கூத்து என்றால் ஆட்டமும் பாட்டும் இருக்கும். நாங்கள் போட்டது அது இல்லை. திரை திறக்கும். ஆட்கள் ஒரு படத்தில் இருப்பதுபோல நிற்பார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, அசைவு இல்லை. இரண்டு நிமிசம் கழியத் திரை மூடும். அடுத்த படம். நோட்டீசில் உயிர்ப்படம் என்று அடிப்பார்கள். மாஸ்டர் ரப்லோ என்பார். சனம் "நிக்கிற நாடகம்" என்று சொல்லும். கோயில் திருவிழாவிலும், தேவாலய வளவிலும், சங்கங்களின் ஆண்டு விழாவிலும் போட்டிருக்கிறோம். அமிர்தகழித் திருவிழா நாளில் ஒரு வளவுக்குள்ளே போட்டபோது, நிற்கிறது பொம்மையா ஆளா என்று இரண்டு பேர் பந்தயம் கட்டி, ஒருவர் மேடையில் ஏறி அரசனின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டார். அரசன் அசையவில்லை. திரை மூடின பிறகுதான் இறங்கிப் போய் அடித்தார்.

நான் பழகின கதை சிறிசு. முதல் வருசம் பலகை தூக்கினேன். அடுத்து ஆணி. மறுகா ஏறாவூர் நானா ஒருவரின் தையல் கடையில் திரைக்கு வளையம் தைக்கிற வேலை. ஆறு வருசம் கழிந்துதான் கயிற்றைக் கையில் தந்தார்கள். தந்த அன்று நான் சாப்பிடவில்லை. கயிறு அறுந்தால் என்ன செய்வது, வளையம் சிக்கினால் என்ன செய்வது, மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டு மாஸ்டரின் உயிரை எடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "மெதுவா, மகன்."

மாஸ்டர் பறங்கியர். முதலில் தச்சு வேலை. பிறகு படம் பிடிக்கிற கடை வைத்திருந்தார். ஆட்களை நிறுத்துகிற கண் அதில் வந்தது என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஊர்ப் பெண்களை நிறுத்தும்போது கையால் தொட மாட்டார். சட்டைப் பையில் ஒரு தென்னை ஈர்க்கு வைத்திருப்பார். அதன் நுனியால் முழங்கையை ஒரு விரற்கடை உயர்த்துவார், நாடியை ஒரு விரற்கடை இறக்குவார். யாராவது கூச்சத்தில் சிரித்தால் ஈர்க்கைப் பைக்குள்ளே வைத்துவிட்டு, சிரித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்று தானும் சிரிப்பார்.

ஆள் எடுக்கிற விதமும் தனி. "இதில நில்லுங்க, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கேயாவது மறைந்து நின்று பார்ப்பார். கொண்டையைத் தடவுகிறவர், பின்பக்கம் கிறுகிக் கிறுகிப் பார்க்கிறவர், சொறிகிறவர் எல்லாம் கழிவு. மறந்துபோய் நிற்கிற ஆள் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அந்த ஆள்தான் அவருக்கு வேணும்.

நிற்கிறதுக்கு அவர் வைத்திருந்த முறைகள்: வெறும் வயிற்றில் நிற்கக்கூடாது, வயிறு முட்டவும் நிற்கக்கூடாது. முழங்காலைப் பூட்டக்கூடாது, கொஞ்சம் இளக்கி வைக்க வேணும், பூட்டினால் தலை சுற்றி விழுவார்கள். மூச்சை நெஞ்சால் எடுக்கக்கூடாது, வயிற்றால் எடுக்க வேணும். கண் சிமிட்டலாம், கண்ணால் தேடக்கூடாது. பார்க்கிறதுக்கென்று எதிர்த் தூணில் மஞ்சளால் ஒரு பொட்டு வைப்பார். கையில் பாரம் தூக்குகிற படம் என்றால் உண்மையான பாரம் வைப்பார். பாரமில்லாத சாமானைப் பாரமாகக் காட்ட எந்தக் கொம்பனாலும் ஏலாது என்பார்.

கடைசி முறை விரல். மேடையில் நிற்கிற எல்லாரும் இடது கைச் சுண்டுவிரலை மடித்து வைத்திருக்க வேணும். தலை சுற்றுது, வயிறு பிரட்டுது, ஏலாது என்றால் அந்த விரலை நீட்ட வேணும். சபைக்குத் தெரியாது. பக்கத் திரையில் ஒரு ஓட்டை இருக்கும். அதால் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். விரல் நீண்டால் கேள்வி இல்லை, மூட வேணும். அசையாமல் நிற்கிற ஆள் சுகமாக நிற்கிறாரா, உள்ளுக்குள் மயங்கிக்கொண்டு நிற்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. நல்லாக நிற்கிறவர்களின் முகம் இரண்டுக்கும் ஒன்றுதான். விரலை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

எண்ணிக்கையும் என் வேலை. நூற்றிருபது. என் அப்பா வயல் வட்டையில் நெல் அளந்தவர். முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். நானும் அப்படித்தான் வாய்க்குள்ளே எண்ணுவேன். லாபம், ரெண்டு, மூண்டு.

இனி அந்த நாளுக்கு வாறன்.

மாதர் சங்கத்து ஆண்டு விழா, பின்னேரம் நாலு மணி, சங்கத்தின் தகரக் கட்டடம். ஐந்து படம். கயிற்றுக்கூலி படத்துக்கு எழுநூற்றைம்பது ரூபா, சங்கம் நேரே எனக்குத் தருகிற ஒழுங்கு. நாலாவது படம் வெள்ளம். சில வருசத்துக்கு முந்தி அந்த ஊரைப் பெருவெள்ளம் மூடினது. கூரையில் ஒரு கிழவர் குந்தியிருப்பார், ஒரு சிறுமி அவரைக் கட்டிப் பிடித்திருப்பாள், ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று குழந்தையைத் தூக்கிப் பிடித்திருப்பாள். தண்ணீருக்கு நீலச் சீலை. குழந்தைக்குத் துணி மூட்டை, உள்ளே மூன்று கொத்து அளந்து போட்ட நெல்.

அந்தப் பெண்ணுக்கு மாஸ்டர் எடுத்த ஆள் பூரணி. வழமைபோல "நில்லுங்க, வாறன்" என்றார். பூரணி முற்றத்து வெயிலில் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறா. மாஸ்டர் வந்து இவதான் என்றதும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி, "அவட கையிலயா பிள்ளையக் குடுக்கப் போறீங்க மாஸ்டர்? விட்டுருவா" என்றாள். மாஸ்டருக்குக் கதை தெரியாது. "மூட்டை தானே மகள், விட்டா நெல்லுத்தான் கொட்டும்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

கதை எனக்குப் பிறகு தெரிய வந்தது. வெள்ளத்தில் பூரணி தன் மாமியாருடைய மகளின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறா. பிள்ளை கை நழுவித் தண்ணீரில் போய்விட்டான். நாலு பாகத் தூரம் தள்ளி ஒருவர் பிடித்தெடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பொல்லாத குழப்படி. ஆனால் பூரணிக்குக் கைவிட்டவள் என்று பெயர் நின்றுவிட்டது. புருசன் கட்டாரில். கலியாண வீட்டில் ஆலாத்தித் தட்டைக்கூட அவவிடம் யாரும் கொடுப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிவிட்டு, "கவனம் கா, விட்டுராத" என்று பகிடி பண்ணுவார்களாம். மாமியார் பகிடி பண்ணமாட்டா. ஒன்றையும் கொடுக்கவும் மாட்டா. பிள்ளையை அவவுக்குப் பக்கத்தில் விடுகிறதும் இல்லை.

இரண்டு நிமிசம் ஊருக்கு முன்னால் ஒரு பிள்ளையை விடாமல் பிடித்து நிற்கிறது. பூரணிக்கு அந்தப் படம் அதுதான். எங்களுக்கு அது நாலாவது படம்.

ஒத்திகையில் மூட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தா. நான் எல்லாருடைய விரலையும் பார்த்தேன். பூரணியின் இடது கை மூட்டைக்கு அடியில் இருந்தது. "விரல் மடிச்சிருக்கா தங்கச்சி?" என்று கேட்டேன். ஓம் என்று தலையை ஆட்டினா. நான் குனிந்து பார்த்திருக்க வேணும். பார்க்கவில்லை. முன்பின் தெரியாத பெண்ணின் நெஞ்சுக்குக் கிட்டக் குனிய எனக்குக் கூச்சம்.

திரை திறக்கக் கால் மணித்தியாலம் இருக்கும்போது மாஸ்டர் பின் வரிசையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். மூட்டை தெரியவில்லை, தலைக்கு மேலே தூக்கட்டும் என்றார். தூக்கினா. ஈர்க்கால் முழங்கையை ஒருக்கால் தொட்டார், சரி. திரையைத் திறந்தேன்.

நான் நின்றது அவவின் இடது கைப் பக்கம். லாபம், ரெண்டு, மூண்டு. சபையில் ஒரு சத்தம் இல்லை. முப்பது வரைக்கும் நான் கந்தப்பரைத்தான் பார்த்தேன், அவருக்கு இருமல். நாற்பதைத் தாண்டும்போது மேலே பார்த்தேன். மூட்டைக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீண்டு நிற்கிறது. ஆணி அடித்தமாதிரி.

எப்ப நீட்டினா? இப்பவா, முப்பதுக்கு முந்தியா? எவ்வளவு நேரம் நான் பார்க்காமல் விட்டேன்? முகத்தைப் பார்த்தேன். முகம் கல். மாஸ்டரைப் பார்த்தேன், அவர் சபையைப் பார்க்கிறார். நாற்பத்தேழில் மூடினேன்.

மூடினதும் ஓடிப்போய் மூட்டையை வாங்கக் கையை நீட்டினேன். பூரணி தரவில்லை.

"ஏன் மூடின நீங்க?"

"விரல் நீட்டினீங்களே தங்கச்சி."

"நான் நீட்டல்ல. அது அப்பிடித்தான் இரிக்கிற. மடியாது."

திரைக்கு அங்கால சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. வெள்ளத்திலயும் விட்டா, மேடையிலயும் விட்டா என்று ஒரு ஆம்பிளைக் குரல். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பூரணி மூட்டையை நிலத்தில் வைத்தா. அவ அழவில்லை. தன் இடது கையை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, மற்றக் கையால் சுண்டுவிரலை மடிக்கப் பார்த்தா. மடியவில்லை. வெள்ளத்தில் பிள்ளை நழுவும்போது அரைநாண் கொடியில் விரலைக் கோத்துப் பிடித்தாவாம். கயிறு விரல் கணுவை அறுத்ததாம், அதன் பிறகுதான் கயிறு அறுந்ததாம். "கயிறுதான் விட்ட. நான் விடல்ல." இதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாவாம். கை நழுவவிட்ட எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றார்களாம்.

"ஒத்திகையில எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைய நிப்பாட்டிருவீங்க. எத்தின வருசத்துக்குப் பிறகு ஒரு சாமான் பிடிக்கத் தந்த."

ஐந்தாவது படத்தை எப்படிப் போட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. முடிய யோகம் டீச்சர் மூவாயிரம் ரூபாவைத் தந்தார். நாலாவது படம் பாதியில் மூடினபடியால் அதற்குக் கூலி இல்லை என்றார். தந்ததை மடித்துப் பைக்குள்ளே வைத்தேன். நியாயம்போலவும் இருந்தது, அநியாயம்போலவும் இருந்தது.

லொறியில் வரும்போது மாஸ்டரிடம் கேட்டேன், நான் செய்தது சரியா பிழையா என்று.

"விரலக் கண்டியா?"

"கண்டன்."

"அப்ப மூடத்தான் வேணும்."

"ஆனா அது மடியாத விரலாம் மாஸ்டர்."

"அப்ப மூடியிருக்கக் கூடாது."

"ரெண்டில எது?"

"ரெண்டும்தான் மகன்" என்று சொல்லிவிட்டு, வாழைச்சேனைச் சந்தியில் லொறியை நிப்பாட்டி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். குடிக்க ஏலவில்லை. நான் கேட்டால் அவர் தீர்த்து வைப்பார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழிந்து மாஸ்டர் அதே ஊருக்குத் திரும்பப் போனார். காசு இல்லாமல், ஒரு படம் மட்டும். அவர் யோகம் டீச்சரிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது. இந்த முறை தகரக் கட்டடத்தில் கூட்டம் ஒன்று இருந்ததால், பாலர் பாடசாலை முற்றத்தில் மேடை கட்டினோம். வாவிக்காற்று ஒரு பக்கத்தால் அடித்துத் திரையை ஊதினபடியால் கயிற்றை மற்றப் பக்கம் மாற்றினேன். இது முக்கியம், அதுதான் எழுதுகிறேன். முதல் முறை நான் பூரணியின் இடது கைப் பக்கம். இந்த முறை வலது கைப் பக்கம்.

விரல் அடையாளம் சரிவராது என்று, கண்ணை மூன்று எண்ணும் வரைக்கும் மூடினால் திரையை மூடுவேன் என்று ஒழுங்கு செய்தோம். பூரணி ஓம் என்றா. மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் ஓம்.

அதே கந்தப்பர், அதே பேத்தி, அதே மூட்டை. முன் வரிசையில் அதே மாமியார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. திறந்தேன். லாபம், ரெண்டு.

நாற்பத்தேழு வந்தது, போனது. கண் திறந்தபடி. எண்பது. நூறு. அவவின் முழங்கை நடுங்கத் தொடங்கினது, சபைக்கும் தெரிந்திருக்கும். கண் திறந்தபடி. நூற்றிருபது. அங்கேதான் நான் மூடியிருக்க வேணும். கை வரவில்லை. சரியாக எண்ணினேனா, இடையில் பத்தை விட்டேனா, இப்ப மூடினால் திரும்பவும் பாதியில் மூடினதாகப் போகுமா என்று ஒரே குழப்பம். திரும்ப லாபம் என்று தொடங்கினேன். மூடச் சொல்லி மாஸ்டர் லேஞ்சியை ஆட்டினதை நான் காணவில்லை. இரண்டாவது முறை ஆட்டினதையும் காணவில்லை என்று பிறகு சொன்னார்கள். கந்தப்பர் இருமிவிட்டார். அந்த இருமலுக்குத்தான் மூடினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் மூன்று நிமிசம் என்பார்கள், நாலு என்றும் சொல்லுவார்கள். எண்ண வேண்டியவன் நான், எனக்குத் தெரியாது.

மூடின பிறகும் பூரணியின் கை இறங்கவில்லை. இறக்க ஏலாமல் விறைத்துவிட்டது. மாமியார்தான் முதலில் மேடையில் ஏறினா. மூட்டையை வாங்கிக் கந்தப்பரின் மடியில் வைத்தா. இரண்டு கையையும் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினா, தோள்மூட்டைத் தேய்த்துவிட்டா. அதற்குள்ளே யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். மாமியார் அதை வாங்கி, பூரணியின் கையில் வைத்து, "இந்தா, பிடி" என்றா.

கோப்பை விழுந்தது. விறைத்த கை எப்படிப் பிடிக்கும்? பலகையில் உடைந்து தேத்தண்ணி நீலச் சீலை எல்லாம் ஓடினது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் பகிடி பண்ணவில்லை. பூரணி கோப்பைத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மாமியார் சொன்னா: "நான்தான் சுறுக்கா விட்டுட்டன்."

சொல்லிவிட்டுக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினா. பிறகு இன்னொரு கோப்பை கேட்டு வாங்கி, இந்த முறை கையை எடுக்காமல் தானும் சேர்ந்து பிடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தா.

அதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் எனக்கும் நித்திரை வந்திருக்கும். ஆனால் நான் ஒன்று கண்டேன். திரை மூடுகிறதுக்குச் சற்று முந்தி, ஓட்டையால் பார்க்கும்போது, மூட்டையில் இருந்த சுண்டுவிரல் மடிந்திருந்தது. வடிவாக மடிந்து துணியைப் பிடித்திருந்தது. லொறியில் பாதி வழி வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. மடியாத விரல் எப்படி மடிந்தது? அப்படியென்றால் முதல் நாள் அவ உண்மையாகவே விரலை நீட்டினாவா? ஏலாமல் நீட்டிவிட்டு, ஊர் சிரித்ததும் மறைத்தாவா? அரைநாண் கயிற்றுக் கதை என்ன கதை?

பிறகு யோசித்தேன், நான் நின்றது வலது கைப் பக்கம். எனக்குக் கிட்ட இருந்தது வலது கை. வலது கை விரல் மடியும்தானே. ஆனால் அன்றைக்கு அவ மூட்டைக்குக் கீழே விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தா. கோத்த கையில் எந்த விரல் எந்தக் கையுடையது? இடது விரலாக இருந்தாலும், மூன்று கொத்து நெல்லின் பாரத்தில் தானாக வளைந்திருக்கலாம். நான் இன்றைக்கும் வீட்டில் தலையணையைத் தூக்கி, கையைக் கோத்துப் பார்க்கிறேன். மனிசி பைத்தியம் என்கிறா.

பூரணியிடம் கேட்டிருக்கலாம். பிறகு இரண்டு தரம் கண்டேன், ஒருதரம் கல்குடா பஸ்ஸில். அந்தக் குழப்படிப் பெடியன் அவவின் மடியில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். மடியில் வைக்கிற வயது தாண்டிவிட்டான், சீட் இல்லை. அவ அவனைச் சுற்றிக் கையைக் கோத்திருந்தா. நான் விரலைப் பார்க்கக் கூடாது என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெடியங்களுக்கு நான் சொல்கிறது இவ்வளவுதான். மோட்டார் நல்லது, எண்ணிக்கை பிழைக்காது. ஓட்டையை மட்டும் அடைக்கவேண்டாம். யாராவது ஒருவர் நின்று பார்க்கட்டும். கண்டதை என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லித்தரத் தெரியாது.

இரண்டாம் முறை படம் போட்ட கிழமை, யோகம் டீச்சர் கடைக்கே வந்து பிடித்து வைத்த காசை நீட்டினார். நான் வாங்கவில்லை. விரல் நீண்டது உண்மை என்றால் நான் என் வேலையைச் செய்தேன், அந்தக் கூலி எனக்கு உரியது. ஆனால் அதை வாங்கினால் பூரணி பொய் சொன்னதாகப் போகும். விரல் மடியாதது உண்மை என்றால் நான் வேலையைக் கெடுத்தேன், எனக்கு ஒரு சதமும் இல்லை. எனக்குத் தெரியட்டும், பிறகு வாங்குகிறேன் என்றேன். டீச்சருக்கு விளங்கவில்லை. மாஸ்டர் விளங்கினவர்போலக் கடைக் கணக்குக் கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதினார். அவர் மோசம்போய், நாங்கள் அடக்கம் செய்து இப்போது நாலு வருசம். போன மாதம் மருமகன் அந்தக் கொப்பியைக் காட்டி, "இத வெட்டிவிடட்டா அண்ணன்?" என்று கேட்டார். கிடக்கட்டும் என்றேன். மாஸ்டரின் கையெழுத்தில் அது அப்படியே இருக்கிறது: வெள்ளம், கயிற்றுக்கூலி, நிலுவை, ரூபா எழுநூற்றைம்பது.